டிஜிட்டல் ரேடியோவில் ஏஜிசி: ஆன்டெனாவிலிருந்து காது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மொட்டைமாடி ஆன்டெனாவை ஒரு யுஎஸ்பி ரேடியோ குச்சியில் செருகுகிறீர்கள். உள்ளூர் எஃப்எம் நிலையம் −20 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபெல்லில் சொல்லும் ஆற்றல் அளவு) வலுவில் வருகிறது. அதிலிருந்து 800 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, பக்கத்து மாவட்ட நிலையம் ஒன்று −90 டிபிஎம்மில் முனகிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் 70 டிபி (டெசிபெல்) வித்தியாசம்; ஆற்றல் கணக்கில் ஒரு கோடி மடங்கு. இரண்டும் ஒரே கம்பி வழியாக ஒரே நேரத்தில் உள்ளே வருகின்றன. உள்ளே இருக்கும் சில்லு பெரியதால் திணறவும் கூடாது, சிறியதைத் தொலைக்கவும் கூடாது.

அதற்கான ஏற்பாடுதான் ஏஜிசி, அதாவது தானியங்கி கெயின் (பெருக்கம்) கட்டுப்பாடு. சிக்னல் வலுத்தால் பெருக்கத்தைக் குறைக்கும், மெலிந்தால் கூட்டும். வால்வு ரேடியோ காலத்திலேயே, 1925இல், ஹெரால்ட் வீலர் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதைக் கண்டுபிடித்தார். அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டிடெக்டரில் கிடைக்கும் கேரியர் (செய்தியைச் சுமந்து வரும் அலை) அளவை ஒரு மின்னழுத்தமாக எடுத்து, முன்னால் இருக்கும் வால்வுகளின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட் முனைக்கே திருப்பி அனுப்புவது அவருடைய வழி. அதற்கு முன்பெல்லாம் நிலையம் மாற்றும்போது இன்னொரு கை ஒலித் திருகிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் வலுவான நிலையம் வந்ததும் ஸ்பீக்கர் அலறும்.

இன்றும் கொள்கை அதேதான். ஆனால் டிஜிட்டல் ரிசீவரில் நடுவில் ஏடிசி வந்து உட்கார்ந்துவிட்டது. சிக்னலை எண்களாக மாற்றும் இந்தச் சில்லுக்கு முன்னால் ஒரு ஏஜிசி வேண்டும், பின்னால் ஒரு ஏஜிசி வேண்டும். முன்னது ஏடிசியைக் காப்பதற்கு. பின்னது அலையிலிருந்து செய்தியைப் பிரித்தெடுக்கும் டிமாடுலேட்டருக்கும் காதுக்கும் சீரான அளவில் சிக்னலைக் கொடுப்பதற்கு. மென்பொருளில் 'ஏஜிசி' என்று எழுதியிருக்கும் பெட்டியில் டிக் அடிக்கும்போது இந்த இரண்டில் எதைத் தொடுகிறோம் என்று பலரும் பார்ப்பதில்லை. முன்னது தவறினால் பின்னதால் அதைத் திருத்தவே முடியாது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

படி 1: ஏடிசியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள்

ஒரு நல்ல ஏடிசி கொடுக்கக்கூடிய சிக்னல்–இரைச்சல் விகிதம் பிட் எண்ணிக்கையை 6.02 ஆல் பெருக்கி, 1.76 ஐக் கூட்டினால் கிடைக்கும். 8 பிட் என்றால் சுமார் 50 டிபி. 12 பிட் என்றால் 74. 14 பிட் என்றால் 86. இவை ஏட்டுக் கணக்கு. உண்மையான சில்லில் கொஞ்சம் குறையும்.

ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று எல்லோரும் வாங்கும் குச்சியில் இருப்பது ஆர்டிஎல்2832யூ சில்லு. அதன் ஏடிசி 8 பிட். ஒரே அலையைக் கால் சுற்று இடைவெளியில் பார்க்கும் ஐ, க்யூ என்ற இரண்டு வரிசைகளில் 0 முதல் 255 வரை எண்களைத் தருகிறது. டிவி பார்க்கச் செய்த இந்தச் சில்லு சாம்பிள்களை (அளந்த எண்களை) அப்படியே கணினிக்கு அனுப்பவும் செய்யும் என்பது 2012இல் வெளியே தெரிந்தது. அன்றிலிருந்து இது ஏழை எளிய ரேடியோ ஆர்வலர்களின் ஆய்வுக்கூடம்.

மேலே சொன்ன இரண்டு எஃப்எம் நிலையங்களை இதில் வைத்துப் பார்ப்போம். −20 டிபிஎம் நிலையம் ஏடிசியின் உச்சத்தைத் தொடும்படி கெயின் அமைகிறது என்று வையுங்கள். அதற்கு 50 டிபி கீழே, −70 டிபிஎம்மில், எண்ணாக மாற்றும்போது எழும் இரைச்சலின் தரை வருகிறது. இந்த இரைச்சல் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கும் பரவிக் கிடப்பது. ஒரு எஃப்எம் நிலையத்துக்கு வேண்டிய 200 கிலோஹெர்ட்ஸை மட்டும் வடிகட்டி எடுத்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு இரைச்சல்தான் உள்ளே வரும். சுமார் 11 டிபி லாபம். தரை −81 டிபிஎம்முக்கு இறங்கும். ஆனால் நமக்கு வேண்டிய நிலையம் −90 டிபிஎம். இன்னும் 9 டிபி ஆழத்தில் மூழ்கிக் கிடக்கிறது. அதே இடத்தில் 12 பிட் ஏடிசி இருந்தால் தரை −105 டிபிஎம் பக்கம் போய்விடும். நிலையம் 15 டிபி மேலே நிற்கும், பேச்சு புரியும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் 'ஏஜிசி சரியில்லை' என்று மென்பொருளைக் குறை சொல்வதில் பயனில்லை. இடம் இல்லாத இடத்தில் எந்த ஏஜிசியும் இடம் உண்டாக்காது. இருக்கும் இடத்தை வீணாக்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை.

படி 2: முன்னால் இருக்கும் ஏஜிசி என்ன பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அந்தக் குச்சியில் பெரும்பாலும் ஆர்820டி அல்லது அதன் அடுத்த வடிவமான ட்யூனர் சில்லு இருக்கும். அதில் கெயினை மாற்ற மூன்று இடங்கள்: ஆன்டெனாவை ஒட்டிய முன் பெருக்கி, அலைவரிசையை மாற்றும் மிக்ஸர், அதற்கும் பின்னால் விஜிஏ என்ற மாறும் பெருக்கி. வழக்கமான டிரைவர் 0 முதல் 49.6 டிபி வரை 29 படிகளாகப் பட்டியல் தருகிறது. தானியங்கி நிலையில் விட்டால் விஜிஏ ஒரே இடத்தில் நிற்க, முன் பெருக்கியும் மிக்ஸரும் தங்களுக்குள்ளேயே அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

இந்த ஏஜிசி உங்கள் நிலையத்தைப் பார்ப்பதில்லை. தன் முன்னால் வந்து விழும் மொத்த ஆற்றலைப் பார்க்கிறது. நீங்கள் 119 மெகாஹெர்ட்ஸில் விமானப் பேச்சைக் கேட்க முயலும்போது முன் பெருக்கியின் மேல் 88 முதல் 108 வரையுள்ள அத்தனை எஃப்எம் நிலையங்களும் சேர்ந்து விழுகின்றன. அது பயந்து கெயினைக் குறைத்தால் உங்கள் மெல்லிய சிக்னலும் கூடவே குறைகிறது. பக்கத்தில் யாரோ மைக்கை அழுத்தும்போதெல்லாம் தூரத்து நிலையம் திடீரென்று அமுங்கி எழுவதும் இதனால்தான்.

குறைக்காமல் விட்டால் வேறு தொல்லை. வலுவான இரண்டு சிக்னல்கள் பெருக்கியை அதன் நேர்கோட்டு எல்லைக்கு வெளியே தள்ளினால், இல்லாத இடத்தில் போலி சிக்னல்கள் முளைக்கும். ஓர் அலைவரிசையை இரண்டால் பெருக்கி மற்றதைக் கழித்தால் அவை எங்கே வரும் என்று தெரிந்துவிடும். சென்னையில் 93.5, 106.4 இரண்டிலும் நிலையங்கள் இருக்கின்றன. 2 × 106.4 − 93.5 = 119.3. நேராக விமான அலைவரிசைக்குள் போய் விழுகிறது. விமானியின் குரலுக்குப் பதில் குழம்பிய பாட்டுச் சத்தம் கேட்டால் ஆன்டெனாவைச் சந்தேகிக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

போலியைப் பிடிக்க ஒரு நல்ல சோதனை உண்டு. ஆன்டெனாவுக்கும் குச்சிக்கும் நடுவில் சிக்னலை மெலிவிக்கும் 3 டிபி அட்டெனுவேட்டர் ஒன்றைப் போடுங்கள். உண்மையான சிக்னல் 3 டிபி குறையும். இப்படிப் பிறந்த போலி 9 டிபி குறையும். ஸ்பெக்ட்ரம் திரையில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அட்டெனுவேட்டர் இல்லையென்றால் முன் கெயினை ஒரு படி இறக்குங்கள். எண்ணிக்கை அவ்வளவு சுத்தமாக வராவிட்டாலும் போலி கூடுதலாகச் சரிவதைப் பார்க்கலாம். எஃப்எம் பட்டையை மட்டும் வெட்டும் வடிகட்டி ஒன்றை ஆன்டெனாவுக்கும் குச்சிக்கும் நடுவில் போடுவதுதான் நிரந்தர மருந்து. எவ்வளவு நல்ல ஏஜிசி எழுதினாலும் அந்தச் சிறிய வடிகட்டி செய்யும் வேலையைச் செய்யாது.

படி 3: முன் கெயினைக் கையால் வைத்துப் பழகுங்கள்

தானியங்கி என்ன செய்ய வேண்டும் என்று புரிய, ஒரு முறை கையால் செய்து பார்ப்பதுதான் வழி.

எல்லா ஏஜிசி பெட்டிகளிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். கெயினை 0 இல் வையுங்கள். ஆன்டெனாவைச் செருகி, ஸ்பெக்ட்ரத்தில் நிலையம் எதுவும் இல்லாத காலி இடத்தைப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு படியாகக் கெயினைக் கூட்டுங்கள். முதல் சில படிகளுக்கு இரைச்சல் தரை அசையாது. அங்கே ஏடிசியின் சொந்த இரைச்சல்தான் ஆட்சி செய்கிறது. ஒரு கட்டத்தில் தரை மேலே கிளம்பும், அதன்பின் கெயின் கூடும் அளவுக்கே தரையும் கூடும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஏடிசியின் இரைச்சலைத் தாண்டிவிட்டது என்று பொருள். பழைய தரையிலிருந்து 6 முதல் 10 டிபி எழும்பியதும் நிறுத்திவிடுங்கள்.

அதற்கு மேல் கூட்டினால் சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே உயரும்; தெளிவு கூடாது. உச்சியில் இருக்கும் இடம்தான் குறையும். ஸ்பெக்ட்ரம் கோடு உயர உயர நன்றாகக் கேட்கும் என்று நினைத்துக் கெயினை இறுதிவரை திருப்பி வைப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் நான் மிக அதிகம் பார்க்கும் பழக்கம். நகரத்துக்குள் அது ஏறக்குறைய எப்போதும் கெடுதல்.

இதே வேலையைத் தானாகச் செய்யும் நிரல் எழுத வேண்டுமானால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, சராசரியை மட்டும் பார்க்காமல் ஏடிசி உச்சத்தில் முட்டிய சாம்பிள்களையும் எண்ணுங்கள். 0, 255 என்ற இரு ஓர எண்களும் அடிக்கடி வந்தால் சிக்னல் வெட்டுப்படுகிறது. இரண்டாவது, இலக்கை உச்சத்துக்கு அருகில் வைக்காதீர்கள். பல நிலையங்கள் கூடிய அலை திடீர் திடீரென்று சராசரியைவிட 10, 12 டிபி எகிறும். 8 பிட்டில் உச்ச வீச்சு 127 என்றால், சராசரி 32ஐச் சுற்றி இருக்கட்டும். அதுதான் 12 டிபி இடைவெளி. மூன்றாவது, கூட்டும் வரம்பும் குறைக்கும் வரம்பும் ஒன்றாக இருக்கக்கூடாது. கெயின் படி 3 டிபி என்றால் இரு வரம்புகளுக்கும் இடையே 5, 6 டிபியாவது விடுங்கள். இல்லாவிட்டால் கெயின் இரண்டு படிகளுக்கிடையே ஓயாமல் ஊசலாடும். அந்த ஊசலாட்டம் ஒலியில் டக் டக் என்று கேட்கும்.

படி 4: பின்னால் இருக்கும் லூப்பை எழுதுங்கள்

ஏடிசிக்குப் பின்னால் எல்லாமே எண்கள். வேண்டிய நிலையத்தை மட்டும் வடிகட்டி எடுத்தபின் அதன் அளவைப் பார்க்கிறோம். ஐயின் வர்க்கத்தையும் க்யூவின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அந்தக் கணத்தின் வீச்சு கிடைக்கும். இந்த அளவீடு வடிகட்டிக்குப் பிறகுதான் வர வேண்டும். முன்னால் வைத்தால் பக்கத்து நிலையம் உங்கள் ஒலியை ஆட்டி வைக்கும்.

எளிய லூப் (வெளியீட்டைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் சுற்று) இது:

புதிய கெயின் = பழைய கெயின் + வேகம் × (இலக்கு − வெளியீட்டு வீச்சு)

ஜிஎன்யூ ரேடியோ என்ற இலவச மென்பொருளில் இருக்கும் அடிப்படை ஏஜிசி பிளாக் இதைத்தான் செய்கிறது. எழுத எளிது, பல இடங்களில் போதும். ஆனால் இதில் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. வேகத்தை 0.001 என்று வைத்து, சாம்பிள் வீதம் விநாடிக்கு 48,000 என்று கொள்வோம். உள்ளே வரும் வீச்சு 1 என்றால் லூப் சமநிலைக்கு வர எடுக்கும் நேர மாறிலி 1,000 சாம்பிள், சுமார் 21 மில்லிசெகண்ட். வீச்சு 0.01 என்றால் அதுவே 1,00,000 சாம்பிள். இரண்டு விநாடிக்கு மேல். அதாவது 40 டிபி மெலிந்த சிக்னலுக்கு லூப் நூறு மடங்கு சோம்பலாகிவிடுகிறது. மெலிந்த நிலையத்தில்தான் ஏஜிசி உதவி அதிகம் தேவை. அங்கேதான் இது தூங்குகிறது. எதிர்ப்பக்கத்தில் வீச்சு மிகப் பெரிதாகி, வேகம் பெருக்கல் வீச்சு 2ஐத் தாண்டினால் லூப் கட்டுப்பாட்டை இழந்து அலைபாயும்.

மாற்று வழி, எல்லாவற்றையும் டெசிபெல்லில் செய்வது. வீச்சின் மடக்கையை எடுத்து, இலக்கோடு டெசிபெல்லில் ஒப்பிட்டு, கெயினையும் டெசிபெல்லில் கூட்டிக் கழித்து, கடைசியில் மட்டும் சாதாரண எண்ணாக மாற்றிப் பெருக்குவது. இப்போது நேர மாறிலி சிக்னலின் வலுவைச் சார்ந்திருக்காது. 10 டிபி பிழையும் 60 டிபி பிழையும் ஒரே விகிதத்தில் கரையும். மடக்கை கணக்கிடக் கொஞ்சம் கூடுதல் உழைப்பு வேண்டும், இன்றைய கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. புதிதாக எழுதுபவர்கள் நேராக இதிலேயே தொடங்குங்கள்.

படி 5: ஏறும் வேகமும் இறங்கும் வேகமும்

பேச்சு சிக்னலுக்கு ஒரே வேகம் போதாது. திடீரென்று வலுவான குரல் வந்தால் உடனே கெயினைக் குறைக்க வேண்டும், இது அட்டாக். குரல் நின்றதும் கெயினை மெல்ல உயர்த்த வேண்டும், இது டிகே. டிகேயும் வேகமாக இருந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே இரைச்சல் பொங்கி எழும், கேட்பவருக்குத் தலை வலிக்கும்.

எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) பேச்சுக்கு அட்டாக் 2 மில்லிசெகண்ட், டிகே 500 மில்லிசெகண்ட் என்று தொடங்கலாம். மோர்ஸ் கேட்க டிகேயை 100, 200க்குக் குறைக்கலாம். இதை எண்ணாக மாற்ற, நேரத்தைச் சாம்பிள் வீதத்தால் பெருக்கி அதன் தலைகீழை எடுத்தால் போதும். 48,000 வீதத்தில் 2 மில்லிசெகண்ட் என்பது 96 சாம்பிள். அட்டாக் எண் சுமார் 0.0104. 500 மில்லிசெகண்ட் என்பது 24,000 சாம்பிள். டிகே எண் சுமார் 0.00004. ஒவ்வொரு சாம்பிளிலும் சிக்னல் இலக்கைவிடப் பெரிதா என்று பாருங்கள். பெரிதென்றால் முதல் எண், சிறிதென்றால் இரண்டாம் எண். நிரலில் ஒரு 'இஃப்' வரிதான்.

40 டிபி திடீர்த் தாவல் வந்தால் என்ன ஆகும்? 2 மில்லிசெகண்ட் கழித்து இன்னும் 14.7 டிபி மிச்சம் இருக்கும். 10 மில்லிசெகண்டில் 0.27 டிபி. இடைப்பட்ட அந்த நேரத்தில் ஹெட்ஃபோனில் ஒரு 'பட்' சத்தம் கேட்கும். பழைய அனலாக் ரேடியோவில் இதைத் தவிர்ப்பது மிகக் கடினம். மென்பொருளில் ஓர் அழகான வழி இருக்கிறது: சிக்னலை 10 மில்லிசெகண்ட் தாமதித்து அனுப்புங்கள், அளவீட்டை மட்டும் தாமதிக்காத சிக்னலில் எடுங்கள். பெரிய குரல் பெருக்கியை அடையும்போது கெயின் ஏற்கனவே இறங்கித் தயாராக இருக்கும். டிஜிட்டல் ஏஜிசி தன் முன்னோரைத் தெளிவாக விஞ்சும் இடம் இது; எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதியும் இதுவே.

ஹேங் என்று இன்னொன்றும் உண்டு. குரல் நின்றதும் கெயினை உடனே ஏற்றாமல், அரை விநாடி அப்படியே பிடித்து வைத்துவிட்டுப் பிறகு ஏற்றுவது. பேசுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் இரைச்சல் எழாது. கெயினுக்கு ஓர் உச்ச வரம்பும் வையுங்கள், இல்லாவிட்டால் காலி அலைவரிசையில் இரைச்சலையே குரல் அளவுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும்.

படி 6: சிக்னலின் வகையைப் பாருங்கள்

ஏஎம் ஒலிபரப்பில் செய்தியே வீச்சில்தான் இருக்கிறது. ஏஜிசி மிக வேகமாக ஓடினால் பாட்டின் ஏற்ற இறக்கத்தையே சமன் செய்து சப்பையாக்கிவிடும், முதலில் அடிபடுவது தாழ்ந்த ஸ்வரங்கள். எனவே கேரியரின் சராசரியை மட்டும் மெதுவாகப் பின்தொடர வேண்டும். எஃப்எம்மில் செய்தி வீச்சில் இல்லை என்பதால் அங்கே பின் ஏஜிசி பெரிய விஷயமே அல்ல. முன்னது மட்டும் சரியாக இருந்தால் போதும்.

டிஜிட்டல் ஒலிபரப்பில் நிலைமை வேறு. ஐரோப்பாவில் பரவலாக உள்ள டிஏபி ரேடியோவில் 96 மில்லிசெகண்ட் நீளமுள்ள ஒவ்வொரு ஃபிரேமின் தொடக்கத்திலும் சுமார் 1.3 மில்லிசெகண்ட் ஒன்றும் அனுப்பாமல் விடுகிறார்கள். ஃபிரேம் எங்கே தொடங்குகிறது என்று ரிசீவர் கண்டுபிடிக்க அந்த வெற்றிடம் உதவுகிறது. வேகமான ஏஜிசி அதைப் பார்த்து 'சிக்னல் போய்விட்டது' என்று கெயினைத் தூக்கினால், அடுத்து வரும் குறியீடு நேராக உச்சத்தில் முட்டும். எனவே அந்த வெற்றிடத்தில் லூப்பைப் பிடித்து நிறுத்த வேண்டும், அல்லது அதைக் கவனிக்காத அளவுக்கு மெதுவாக ஓட விட வேண்டும்.

வைஃபை இதற்கு நேர் எதிர். யார் எப்போது எவ்வளவு வலுவில் பேசுவார்கள் என்று தெரியாது. அதனால் 802.11ஏ தரத்திலேயே ஒவ்வொரு பாக்கெட்டின் முகப்பிலும் 0.8 மைக்ரோசெகண்ட் நீளமுள்ள குறியீட்டைப் பத்து முறை திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள், மொத்தம் 8 மைக்ரோசெகண்ட். அந்த நேரத்துக்குள் ஏஜிசி சிக்னலைக் கண்டுபிடித்து, கெயினை நிர்ணயித்து, பூட்டிவிட வேண்டும். பிறகு பாக்கெட் முடியும் வரை தொடக்கூடாது.

விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் தங்கள் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏடிஎஸ்-பி செய்தி முழுவதுமே 120 மைக்ரோசெகண்ட்தான். அடுத்தடுத்து வரும் செய்திகள் வெவ்வேறு தூரத்திலுள்ள விமானங்களிலிருந்து வருவதால், ஒன்றுக்காகச் சரிசெய்த கெயின் அடுத்ததற்கு உதவாது. அங்கே கெயினை ஓரிடத்தில் நிலையாக வைத்துவிடுவதே நல்லது.

படி 7: இரண்டு லூப்களையும் பேச வையுங்கள்

முன் கெயின் 3 டிபி இறங்கினால் அது ஏடிசிக்குப் பின்னால் திடீர்ப் பள்ளமாகத் தெரியும். பின் லூப்பின் டிகே அரை விநாடி என்பதால், ஒலி அமுங்கி மெல்ல எழும். இதைத் தவிர்க்க, முன் கெயின் மாறிய அதே சாம்பிளில் பின்னால் 3 டிபி கூட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் வடிகட்டிகள் உண்டாக்கும் தாமதத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் திருத்தம் சீக்கிரமாகவோ தாமதமாகவோ போய்ச் சேர்ந்து, அதுவே ஒரு சொடுக்குச் சத்தமாகும். யுஎஸ்பி குச்சிகளில் கெயின் கட்டளை எந்தச் சாம்பிளில் அமலானது என்று துல்லியமாக அறிய வழியில்லை. ஆகவே அவற்றில் முன் கெயினை அரிதாகவே மாற்றுங்கள், விநாடிக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். வேகமான வேலையைப் பின் லூப் பார்த்துக்கொள்ளட்டும்.

சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரும் இங்கேதான் சரியாகவோ தவறாகவோ அமைகிறது. ஏஜிசிக்குப் பிறகு எல்லா நிலையமும் ஒரே அளவில் இருக்கும் என்பதால் அங்கே அளப்பதில் அர்த்தமில்லை. ஏடிசி காட்டும் அளவிலிருந்து முன் கெயினைக் கழித்தால்தான் ஆன்டெனாவில் வந்தது எவ்வளவு என்று தெரியும். சிற்றலையில் எஸ்9 என்பது −73 டிபிஎம் என்று வழக்கம். தெரிந்த அளவுள்ள சிக்னல் ஒன்றை உள்ளே செலுத்தி ஒரு முறை சரிபார்த்து, வரும் வித்தியாசத்தை மாறிலியாகச் சேர்த்துவிடுங்கள்.

படி 8: எப்போது அணைக்க வேண்டும்

அமெச்சூர் ரேடியோவில் குறுஞ்செய்தி அனுப்பப் பயன்படும் எஃப்டி8 போன்ற டிஜிட்டல் முறைகளில் ஒரே ஒலிப் பட்டைக்குள் பல நிலையங்கள் 15 விநாடி இடைவெளிகளில் ஒன்றாக அனுப்புகின்றன. இரைச்சலுக்குக் கீழே இருப்பவற்றையும் மென்பொருள் படித்துவிடும். அந்தப் பட்டைக்குள் ஒரே ஒரு வலுவான நிலையம் ஏஜிசியை அழுத்தினால் மற்ற எல்லாமே அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். அங்கே பின் ஏஜிசியை அணைத்துவிட்டு, கெயினைக் கையால் குறைத்து வையுங்கள். ஒலி மெலிதாகத்தான் இருக்கும், ஆனால் திரையில் வரும் பெயர்ப் பட்டியல் நீளும்.

இரண்டு ஆன்டெனாக்களை ஒப்பிடும்போதும் அப்படியே. ஏஜிசி ஓடிக்கொண்டிருந்தால் நல்லதும் மோசமானதும் ஒரே சத்தத்தில் கேட்கும். முன் கெயினை ஓர் எண்ணில் பூட்டி, பின் ஏஜிசியை அணைத்து, ஒரே நிலையத்தின் உச்சத்தையும் பக்கத்திலுள்ள காலி இடத்தின் தரையையும் இரண்டு ஆன்டெனாக்களிலும் குறித்துக்கொள்ளுங்கள். உச்சம் மட்டும் 6 டிபி கூடியிருந்தால் புதிய ஆன்டெனா நல்லது. உச்சமும் தரையும் சேர்ந்தே 6 டிபி கூடியிருந்தால், தரை ஏற்கனவே ஆன்டெனா இரைச்சலாக இருந்த நிலையில், அது கூடுதலாக எதையும் தரவில்லை.